ஆரத்திக்கு ஐம்பது பாயிண்ட்

அத்தியாயம் பதினொன்று

ஹாலில் கொலுப்படி கட்டிய அன்றைக்கே தான் ஜெயித்துவிட்டதாகத்தான் சுபாஷிணி நினைத்திருந்தாள்.

பின்னே என்ன? நாத்தனார் உதயா வாங்கிக்கொண்டு வந்த அந்த வீடியோ கேமை எப்படித் தலைமுழுகுவது என்று அவளும் எத்தனையோ யோசித்துப் பார்த்தாள். அது உட்கார்ந்து ஆடும் கேம் இல்லை. டிவிக்கு முன்னால் நின்று குதி, குனி, கையை வீசு, ஓடு என்று ஆளை விரட்டும் கேம். கறுப்பாக, ஒரு ஜாண் நீளத்தில் ஒரு கேமரா. அது நம்மைப் பார்க்கும். நாம் செய்வதைத் திரையில் இருக்கும் பொம்மை அப்படியே செய்யும். மகள் ஸ்ம்ருதி அதற்கு முன்னால் குதிப்பதைப் பெற்றவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சண்டை போட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் நவராத்திரி வந்துதான் கைகொடுத்தது. டிவியை மூலைக்குத் தள்ளி, அதை ஒட்டினாற்போலப் படிகளைக் கட்டி, பாதி ஹாலை அடைத்துவிட்டாள்.

"கொலுவுக்கு முன்னால நின்னு குதிச்சா பொம்மை அத்தனையும் உருண்டுரும். விஜயதசமி முடியட்டும். வச்ச பொம்மையை அதுவரைக்கும் யாரும் தொடவும் கூடாது, நகத்தவும் கூடாது. சொல்லிட்டேன்."

சாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேசுகிறவளிடம் யார் வாய் கொடுப்பது? கணவன் அர்விந்த் தேங்காய் உரிக்கப் போய்விட்டான். உதயா, "அச்சா மைனி" என்றாள். உதயா அவ்வளவு லேசில் அச்சா சொல்கிறவளா? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சுபாஷிணிக்கு உறைக்கவில்லை.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் ஸ்ம்ருதி ஓட்டப்பந்தயத்தில் பாதியிலேயே சுருண்டு விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். உதடு நீலம் பாரித்து, மூச்சு கீச்கீச்சென்று இழுக்க, ஆட்டோவில் பிள்ளையின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "பையா ஜல்தி, ஜல்தி" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனவள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். ஓடாதே. மாடி ஏறக்கூடாது என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, மூன்றாம் மாடிக் குவார்ட்டர்ஸை மாற்றி, டில்லி ஆர்.கே.புரத்திலேயே கிரவுண்ட் ஃப்ளோர் வீடு வாங்கியதும் அவள்தான்.

ஆனால் டாக்டர் வேறு பாட்டுப் பாடினார். "மருந்து நல்லா வேலை செய்யுது. இப்ப குறை அசைவுலதான். வெயிட் ஏறிட்டிருக்கு பாருங்க. குழந்தை ஆடணும். மெதுவா ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. ஆடறதுக்கு முன்னாடி இன்ஹேலர் எடுத்துக்கட்டும்." அதில் 'மருந்து' என்ற சொல் மட்டும்தான் சுபாஷிணியின் காதில் ஏறியது. உதயா பிசியோதெரபிஸ்ட். அவளுக்கு மிச்சம் எல்லாம் ஏறியது. மறுநாளே கேம் பெட்டியோடு வந்து நின்றாள்.

இப்போது பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆட்டம் வேறு வந்து சேர்ந்திருக்கிறது. டீமில் ஸ்ம்ருதியைச் சேர்க்க வேண்டும் என்று பி.டி. மாஸ்டர் கேட்டார். சுபாஷிணி முடியாது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெண் ஒரு வாரமாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாஸ்டர் விடுகிற மாதிரி இல்லை. இன்று காலை எழுந்ததும் போனில் அவருடைய மெசேஜ்தான். 'மேடம், இன்று சாயங்காலத்துக்குள் கடைசியாக ஒரு பதில் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவேன்.'

பதில் என்ன பதில்? அதே பதில்தான். பூஜை முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அஷ்டமி. ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். குளித்து, பட்டுக் கட்டி, சர்க்கரைப் பொங்கல் இறக்கி வைத்துவிட்டு, கொலுவுக்கு முன்னால் விரித்திருந்த ஜமக்காளத்தில் நின்று கற்பூரத்தை ஏற்றினாள். அர்விந்த் பக்கத்தில் நின்று மணி அடித்தான். ஸ்ம்ருதியைக் காணோம், உடை மாற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். தட்டை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மூலையில் டிவி பளீரென்று எரிந்தது.

'வெல்கம், ப்ளேயர் டூ!'

சுபாஷிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை மட்டும் நிற்கவில்லை. ஆரத்தியைப் பாதியில் நிறுத்தலாமா? அதுவும் அஷ்டமி அன்றைக்கு? இரண்டாவது சுற்றுச் சுற்றினாள். திரையில் ஒரு கொழுகொழு பொம்மை அதே மாதிரி கையைச் சுற்ற, நாலு பலூன் படபடவென்று வெடித்தது.

'ஃபென்டாஸ்டிக்! டென் பாயிண்ட்ஸ்!'

"என்னங்க இது! என்னங்க இது!"

"நிறுத்தாத, நிறுத்தாத, கற்பூரம் எரியுது" என்றான் அர்விந்த். அவனுக்கும் மணியை நிறுத்தத் தோன்றவில்லை. அவள் பதற்றத்தில் வேகமாகச் சுற்ற, பலூன்கள் சரவெடி மாதிரி வெடித்துத் தள்ளின. இருபது. முப்பது. நாற்பது. கற்பூரம் அணைவதற்கும் திரையில் வாணவேடிக்கை கிளம்புவதற்கும் சரியாக இருந்தது.

'ஃபிஃப்டி பாயிண்ட்ஸ்! யூ ஆர் எ ஸ்டார்!'

அர்விந்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

"கேமராவைத்தான் நான் பரண்மேல ஏத்தச் சொன்னேனே. இந்தச் சவம் எங்கன இருந்து பாக்குது?"

அவன் கூரையைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். உதயா அறையின் கதவைப் பார்த்தான். கொலுவை மட்டும் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

மூன்றாம் படியில் பேண்டு வாத்தியக்காரப் பொம்மைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அடியில் சிவப்புப் பட்டுத் துணி சுற்றிய ஒரு சின்ன மேடை. நேற்று வந்த மாமி ஒருத்தியிடம்கூட, 'மேடை அழகாருக்குல்லா, எங்க நாத்தனா ஐடியா' என்று இவளே பெருமையாகக் காட்டியிருந்தாள். குனிந்து பார்த்தாள். பட்டுத் துணியின் மடிப்புக்கு நடுவில் கண்ணாடிக் கண் ஒன்று அவளைப் பார்த்து மினுக்கியது.

இத்தனை நாளாக அவள் பொட்டு வைத்து, பூப் போட்டுக் கும்பிட்டு வந்தது அந்தக் கேமராவையும் சேர்த்துத்தான்!

"ஏட்டி உதயா!"

உதயா தலை துவட்டிக்கொண்டே வந்தாள். டிவியைப் பார்த்தாள். மைனியைப் பார்த்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஐம்பதா? மொத ஆட்டத்துலயேவா? மைனி, அண்ணனுக்கு இன்னும் முப்பதே வரல!"

"உங்க அண்ணனுமா ஆடுதாங்க?"

அர்விந்த் மணியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் ஒரு தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான் ஆபீஸ் போனதும் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தெனமும் இந்தக் கூத்துதான் நடக்குதா? அதுவும் சாமிக்கு நடுவுல இதக் கொண்டு வச்சு!"

"நேத்து அணைக்காம விட்டுட்டேன், கை ஆடினதும் முழிச்சுக்கிடுச்சு. கேமராவை வெளியில எடுத்திருப்பேன் மைனி. வச்ச பொம்மையைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? பேண்டு செட்டை அதுமேல வச்சதும் நீங்கதான். அப்புறம் நான் எப்படி எடுக்க?"

அநியாயம் என்னவென்றால், அது உண்மை. மேடை வெறுமையாக இருக்கிறதே என்று பேண்டு வாத்தியக்காரர்களைத் தூக்கி அதன்மேல் நிறுத்தியது சுபாஷிணியேதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"வெளயாட்டா இருக்கா உனக்கு? அன்னைக்கு அவ உதடு நீலமாப் போச்சு உதயா. நீ பாக்கல. நான் பாத்தேன். மூச்சு விட முடியாம என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. இன்னொரு தரம் அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

உதயாவின் குரலும் இறங்கியது.

"தெரியும் மைனி. அதனாலதான் நானே கூட நின்னு ஆடுதேன். மொதல்ல இன்ஹேலர். அப்புறம் பைய நடை. அப்புறம்தான் குதிக்கிறது. மூச்சு வாங்கினா உடனே நிறுத்திருவோம். மொத வாரம் ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள உக்காந்துட்டா. இப்போ என்னால அவகூட ஈடுகொடுக்க முடியல. இந்தப் பெட்டி ஓட்டத்துக்குப் பதிலா வந்தது இல்ல மைனி. பயந்துபோன பிள்ளையைத் திரும்ப ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற வழி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ ஆடுறதக் கண்ணத் தொறந்து பாருங்க."

"பாக்க வேண்டாம். கூப்பிடு அவள. ஸ்ம்ருதி! ஏ ஸ்ம்ருதி!"

பதில் இல்லை. அறையில் இல்லை. பின்கட்டில் இல்லை. வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பட்டுப் பாவாடை கட்டிலில் கிடந்தது. ஸ்கூல் ஷூவைக் காணோம்.

அப்போதுதான் அர்விந்த் மெதுவாக வாயைத் திறந்தான்.

"கஞ்சக்குக்குப் போயிட்டா சுபா. எதிர் பிளாக் பிள்ளைங்க வந்து கூப்பிட்டுச்சு."

டில்லியில் அஷ்டமி என்றால் கஞ்சக்தான், தெரியுமே. பஞ்சாபி வீடுகளில் சின்னப் பெண்களை அம்மனாகப் பாவித்துக் கூப்பிட்டு, காலைக் கழுவி, சிவப்புத் துப்பட்டா போர்த்தி, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் கொடுப்பார்கள். காலையில் காலனிப் பெண் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பிளாக் பிளாக்காக, மாடி மாடியாக ஓடுவார்கள். போன வருஷம் ஸ்ம்ருதி ஜன்னலில் நின்று அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பங்குப் பூரி வீடு தேடி வந்தது. ஆறிப்போன பூரி. அவள் அதைத் தொடவேயில்லை.

"மாடி ஏறுவாளே! அத்தனை பிளாக்கும் ஏறுவாளே! உங்களுக்குத் தெரிஞ்சும் விட்டீங்களா?"

"இதுதான் கடைசி வருஷம்னு கெஞ்சினா சுபா. அடுத்த வருஷம் பெரியவளாயிட்டான்னு கூப்பிட மாட்டாங்களாம்."

அவன் பேச்சை யார் கேட்டார்கள்? சுபாஷிணி அலமாரியிலிருந்து உபரி இன்ஹேலரை எடுத்தாள். செருப்பை மாற்றி மாட்டியதுகூடத் தெரியாமல் வாசலைத் தாண்டிவிட்டாள்.

எதிர் பிளாக். மூன்றாம் மாடி மல்ஹோத்ரா ஆன்ட்டி வீட்டுக்குத்தான் முதலில் போயிருப்பார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மல்ஹோத்ரா ஆன்ட்டி கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள்.

"அரே சுபா ஜி! உங்க பேட்டி, உங்க பொண்ணு வந்தாளே! எல்லாருக்கும் முன்னாடி அவதான் மேல வந்தா. அபி அபி, இப்பத்தான் கிளம்பினாங்க, அடுத்த பிளாக்!"

எல்லாருக்கும் முன்னாடி! ஓடியிருக்கிறாள். பாவி மகள் ஓடியிருக்கிறாள். எந்தப் படியில் சுருண்டு கிடக்கிறாளோ!

இறங்கினாள். அடுத்த பிளாக்கில் ஏறினாள். இரண்டாம் மாடியில் கதவு தட்டினாள். "மேலே போனாங்க" என்றார்கள். மேலே போனாள். "இப்பத்தானே இறங்கினாங்க, பக்கத்துப் படிக்கட்டு" என்றார்கள். எங்கே போனாலும் பூரி வாசனை இருந்தது. கழுவிய கால்களின் ஈரத் தடம் இருந்தது. பிள்ளைகள் மட்டும் இல்லை. அம்மனைத் தேடுகிற மாதிரி இந்தப் பெண் ஆளை ஓட வைக்கிறாளே என்று அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மூன்றாவது படிக்கட்டில் பாதி ஏறும்போது கால் ஒத்துழைக்கவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலர் மட்டும் உள்ளங்கையில் கெட்டியாக இருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் கேட்டது. தடதடதடவென்று ஷூ ஓசை. கலகலவென்று சிரிப்பு. 'பஹலே மை! பஹலே மை!' என்று நான் முந்தி நீ முந்தி என்ற கூச்சல். படிக்கட்டு வளைவில் முதலில் வந்தது ஒரு சிவப்புத் துப்பட்டா. அதற்குள் ஒரு முகம். நெற்றியில் குங்குமம், கையில் தட்டு, வாயில் அல்வா. இரண்டு இரண்டு படியாகத் தாவிக்கொண்டு வந்தவள் சடக்கென்று நின்றாள்.

"மம்மி! நீ ஏன் இங்க உக்காந்திருக்க?"

சுபாஷிணி பேச வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

ஸ்ம்ருதி தட்டைப் பின்னால் வந்தவளிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு முன்னால் மண்டி போட்டாள். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னைப் பாரு. மூக்கால இழு. மெதுவா. இப்ப வாயால விடு, கேண்டில் ஊதற மாதிரி. ஷாபாஷ். இன்னொரு தடவை."

இந்த வார்த்தை ஒவ்வொன்றும் யாருடையது? சுபாஷிணி இந்தப் பிள்ளைக்கு எத்தனையோ ராத்திரி சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். மகள் சொல்லச் சொல்ல இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்ஹேலர்..." என்று கையை நீட்டினாள்.

"உனக்கா?"

"உனக்குத்தான்ட்டி!"

"நான் கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. அத்தை ரூல். பாக்கெட்ல இன்னொண்ணும் இருக்கு. பாரு." ஃப்ராக் பையைத் தட்டிக் காட்டினாள். பிறகு தயங்கினாள். "திட்டுவியா?"

திட்டத்தான் வந்தாள். ஊரைக் கூட்டித் திட்டத்தான் வந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பாருங்கள். வியர்த்து, சிவந்து, மூக்கு நுனியில் அல்வா ஒட்டி, கண் இரண்டும் தீபாவளி மாதிரி மின்னிக்கொண்டு. ஒரு வருஷமாக இந்தப் பிள்ளையை எங்கே தொலைத்தோம் என்று சுபாஷிணிக்குத் தோன்றியது. பத்திரமாக வைக்கிறேன் என்று நான்தான் எங்கேயோ பூட்டி வைத்துவிட்டேன் என்றும் தோன்றியது.

"திரும்பு" என்றாள்.

ஸ்ம்ருதி திரும்பினாள். சுபாஷிணி அவள் முதுகில் காதை வைத்தாள். இது அவளுடைய பழைய வழக்கம். எந்த ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம், அந்தக் கீச் சத்தம் இவள் காதுக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கீச் இல்லை. இழுப்பு இல்லை. குழந்தையின் இதயம் மட்டும் திம் திம் என்று குஷியாக அடித்துக்கொண்டிருந்தது.

நம்பிக்கை வரவில்லை. காதை எடுத்துத் திரும்பவும் வைத்தாள்.

"இன்னொரு தரம் ஏறு" என்றாள்.

"என்ன?"

"மேல வரைக்கும் போ. போயிட்டு எறங்கி வா. நான் பாக்கணும்."

ஸ்ம்ருதிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "ரெடி, ஸ்டெடி!" என்று பிள்ளைகள் கத்தின. பறந்தாள். ஷூ ஓசை மேலே போகப் போகச் சுபாஷிணியின் உயிரும் கூடவே ஏறியது. உச்சியில் ஓசை நின்றது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தன. சுபாஷிணி எழுந்து நின்றுவிட்டாள்.

"மம்மீ! மேலதான் இருக்கேன்! வரேன்!"

தடதடவென்று இறங்கி வந்து கடைசி மூன்று படியை ஒரே தாவலாகத் தாவி அம்மாவின் மேலேயே விழுந்தாள். மூச்சு வாங்கியது. ஓடின எந்தக் குழந்தைக்கும் வாங்குகிற மூச்சு. உதட்டைப் பார்த்தாள் சுபாஷிணி. ரோஜா நிறம். நல்ல ரோஜா நிறம்.

"அந்தக் கேம்ல மலை ஏறற லெவல் இருக்கும்மா. அதைவிட இது ஈஸி."

சுபாஷிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். படிக்கட்டிலேயே நின்றபடி பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டாள்.

"சார், ஸ்ம்ருதி அம்மா பேசுதேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன், அவர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். இன்ஹேலர் எப்ப எடுக்கணும், எப்ப உக்கார வைக்கணும்னு நானே வந்து உங்களுக்குச் சொல்லித் தாரேன். வேற பிள்ளையப் போட்டுராதீங்க. என் மக ஓடுவா சார்."

படிக்கட்டே அதிரும்படி ஒரு கூச்சல் கிளம்பியது. எந்த மாடியிலிருந்தோ யாரோ, "க்யா ஹுவா?" என்று எட்டிப் பார்த்தார்கள். ஸ்ம்ருதி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஒரு வாரத்து மௌனம் முத்தமாகக் கன்னத்தில் கொட்டியது, அல்வாவோடு.

சாயங்காலம் வீட்டில் திருவிழாதான். கொலு பார்க்க வந்த பிள்ளைகளிடம் வழக்கம் போல, "ஒரு பாட்டுப் பாடும்மா" என்று சுபாஷிணி கேட்கவில்லை. "பாடத் தெரிஞ்சவங்க பாடலாம், ஆடத் தெரிஞ்சவங்க ஆடலாம்" என்று அறிவித்துவிட்டாள். எந்தப் பிள்ளை பாடும்? காலையில் பூரியோடு தின்ற அதே கொண்டைக்கடலையைச் சுண்டலாகத் தின்றுகொண்டே வரிசையில் நின்று பலூன் உடைத்தன. மல்ஹோத்ரா ஆன்ட்டிகூட ஒரு கை பார்த்தாள். அர்விந்த் திரும்பவும் முப்பதைத் தொடவில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் அவ்வளவு அதிர்விலும் ஒருவர்கூடக் கவிழவில்லை.

"குதிச்சாப் பொம்மை உருண்டுரும்னீங்களே மைனி?" என்றாள் உதயா.

"வாய மூடுட்டி" என்றாள் சுபாஷிணி, சிரித்துக்கொண்டே.

வெற்றிலை பாக்கு வாங்க நாலாம் மாடி பிலோமியும் வந்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடு நேரே வந்தவள், குங்குமம் வேண்டாம் சுண்டல் போதும் என்று வழக்கம் போலச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஆடணும்! அம்மா ஆடணும்!" என்று ஸ்ம்ருதி ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன.

"காலையில ஐம்பது எடுத்தவங்க, சும்மாவா?" என்றாள் உதயா.

சுபாஷிணி வெட்கப்பட்டாள். மறுத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜமக்காளத்தில் போய் நின்றாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அவள். குதித்தாள். குனிந்தாள். கையை வீசினாள். பலூன் வெடித்தபோது சின்னப் பெண் மாதிரிக் கத்தினாள். எத்தனை வருஷமாயிற்று இப்படிச் சிரித்து! அர்விந்த் மனைவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மோர் குடித்தாள். பிள்ளைகள் அடுத்த ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். அதற்கடுத்ததும் ஆரம்பித்தது. பிலோமி கைதட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"சுபா அக்கா, கையைக் குடுங்க." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். "ஆடி முடிச்சு இவ்வளவு நேரமாச்சு. நாடி இன்னும் இறங்கவே இல்லையே."

"காலையில இருந்து அலைச்சல் பிலோமி. விரதம் வேற."

"மாடி ஏறினா எப்பவும் இப்படித்தான் வாங்குமா?"

"நான் எங்க ஏறுதேன்? வீடு கிரவுண்ட் ஃப்ளோர். ஆபீஸ்ல லிஃப்ட்."

சொன்ன பிறகுதான் சுபாஷிணிக்கே உறைத்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஓடாமல் இருந்தது குழந்தை மட்டுமில்லை.

ஸ்ம்ருதி வந்து நின்றாள். பிலோமியின் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அம்மாவுக்குப் பின்னால் போனாள். முதுகில் காதை வைத்தாள், அம்மா வைப்பது மாதிரியே.

"அம்மா" என்றாள். "உள்ள யாரோ ரொம்ப ஃபாஸ்ட்டா ஓடறாங்க. நடுவுல நடுவுல விழுந்து விழுந்து ஓடறாங்க."

மூலையில் டிவி உற்சாகமாகக் கூப்பிட்டது. 'ப்ளேயர் டூ! ஆர் யூ ரெடி?'

"உதயா, அதை அணைங்க" என்றாள் பிலோமி. "அண்ணா, நாடி சீரா இல்ல. நாளைக்குக் காலையில அக்காவை நான் என்கூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அர்விந்தின் கையிலிருந்த சுண்டல் கிண்ணம் சாய்ந்தது. ஸ்ம்ருதி அம்மாவின் முதுகிலிருந்து காதை எடுக்கவே இல்லை.